மாலுமிக் கல்வியின் வரலாறு: அச்சு நூல் முதல் இணையவழி வரை

கப்பலோட்டுங் கலையைக் கரையிலிருந்தபடியே கற்பித்துவிடலாமா என்னும் வினா இன்று புதிதாக எழுந்ததன்று. கணினித் திரை வாயிலாகக் கடலோடிகளுக்குப் பாடஞ் சொல்லும் இணையவழிக் கல்வித் தளங்கள் கடந்த 20 ஆண்டுகளில் பெருகியமையால் அவ்வினா புத்துயிர் பெற்றுளது, அவ்வளவே. வினாவின் வயதோ ஏறத்தாழ 500 ஆண்டுகளாகும். ஒவ்வொரு காலத்திலும் புதிய கருவியொன்று தோன்றி, கடலிலே கற்க வேண்டியதிற் பெரும்பகுதியை இனிக் கரையிலே கற்கலாம் என்று நம்பிக்கை ஊட்டிற்று. அந்நம்பிக்கை ஓரளவு மெய்ப்பட்டது, ஓரளவு பொய்த்தது. எவ்வளவு மெய்ப்பட்டது, எங்கே பொய்த்தது என்பதை வரலாற்று நெறியில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எம் மாணவர் சிலர் இன்று கடற்றொழிலை நாடுகின்றனர். அவர்களுக்கு அறிவுரை கூற வேண்டிய நிலையில் ஆசிரியராகிய நாம் இருத்தலின், இவ்வாராய்ச்சி பயனற்றதாகாது.

போர்த்துக்கல் இளவரசர் ஹென்றி சாக்ரெஸ் முனையில் மாலுமிக் கல்லூரியொன்றை நிறுவினார் எனப் பழைய பாடநூல்கள் கூறும். அக்கல்லூரி பிற்காலத்தார் புனைந்த கதையே என்பது இன்றைய வரலாற்றறிஞர் பெரும்பாலாரின் துணிபு. ஆதலின் அதனை விடுத்து, ஐயத்துக்கிடமில்லாத சான்றுள்ள ஸ்பானிய நாட்டுச் செவில் நகரிலிருந்து தொடங்குவோம்.

1503 இல் ஸ்பானிய அரசு புதிய உலக வாணிகத்தை ஆளுதற்பொருட்டுச் செவில் நகரில் வாணிக மன்றம் ஒன்றை நிறுவியது. 1508 இல் அம்மன்றத்தின்கீழ்த் தலைமை மீகாமர் என்னும் பதவி உண்டாக்கப்பட்டது. அப்பதவியை முதலில் வகித்தவர் அமெரிக்காக் கண்டத்துக்குத் தம் பெயரை அளித்த அமெரிக்கோ வெஸ்புச்சியே. மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பல் செலுத்த விரும்பும் மீகாமர் யாவரும் இவர் முன்னிலையிற் பரீட்சிக்கப்பட்டுப் பத்திரம் பெறல் வேண்டும் என்பது அரசனது ஆணை. 1552 இல் வானநூலும் கப்பற்கணிதமுங் கற்பிக்கத் தனிப் பேராசிரியர் பதவியொன்றும் அங்கு ஏற்பட்டது. பாடநெறி ஓராண்டுக்குரியதென முதலில் விதித்தனர். ஆனால் ஓராண்டு காலம் ஊதியமின்றிக் கரையில் தங்கிப் படிக்கக்கூடிய மீகாமர் எத்துணைப் பேர் இருப்பர்? விரைவிலேயே ஓராண்டு சில மாதங்களாகச் சுருங்கிற்று. கற்பவனுக்குக் காலம் எங்கே என்னும் இவ்விடர் இன்றுந் தீர்ந்தபாடில்லை. அதனைப் பின்னர்க் காண்போம்.

செவிலில் மற்றொரு பிணக்கும் இருந்தது. கடலையே கண்டறியாத வானநூல் வல்லார் ஒரு புறம்; கடலிலே நரைத்து, கோணங்களின் பெயர்தானும் அறியாத மீகாமர் மறுபுறம். கடற்படம் எவ்வாறு வரையப்படல் வேண்டும் என்பது பற்றி இருசாராரும் ஆண்டுக்கணக்காக வழக்காடினர். ஏட்டுக்கல்விக்கும் கைப்பழக்கத்துக்கும் இடையே கடற்றுறையில் எழுந்த முதற் பெரும் வழக்கு இதுவெனலாம்.

இந்நகருக்கு 1558 இல் ஸ்ரீபன் பரோ என்னும் ஆங்கிலக் கப்பற்றலைவர் சென்றிருந்தார். அங்கு மீகாமர் பயிற்றப்படும் முறையையும் பரீட்சிக்கப்படும் முறையையுங் கண்டு வியந்தார். மீண்டும் நாடு திரும்பியபோது அவர் தூண்டுதலால், மார்ட்டின் கோர்த்தெஸ் என்பார் 1551 இல் வெளியிட்ட கப்பற்கலை நூல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. றிச்சர்ட் ஈடன் செய்த அம்மொழிபெயர்ப்பு 1561 இல் அச்சேறியது. செவிலிற் போன்று இங்கிலாந்திலும் தலைமை மீகாமர் ஒருவரை நியமித்து மாலுமிகளைப் பரீட்சித்தல் வேண்டும் எனவும் பரோ வற்புறுத்தினார். அது நிலைபெறவில்லை.

இந்நிகழ்ச்சியைச் சற்றே ஊன்றி நோக்குதல் வேண்டும். பரோ செவிலிற் கண்டவை இரண்டு: ஒன்று நூல், மற்றொன்று பரீட்சை. நூல் மூன்றாண்டுகளில் இங்கிலாந்து வந்து சேர்ந்தது. வாணிகக் கப்பல்களின் அதிகாரிகளுக்குக் கட்டாயப் பரீட்சை வந்து சேர்வதற்கோ 292 ஆண்டுகள் சென்றன. பாடத்தைச் சுமந்து செல்லுதல் எளிது; பாடங் கற்றவனைச் சோதித்துப் பொறுப்பேற்கும் நிறுவனத்தைச் சுமந்து செல்லுதல் அரிது. இணையவழிக் கல்வியின் பெருமையையும் சிறுமையையும் அளக்க விரும்புவோர்க்கு இதனினுஞ் சிறந்த அளவுகோல் கிட்டாது என்பது எம் கருத்து.

இடைப்பட்ட காலத்தில் ஒன்றுமே நிகழவில்லை என்பதன்று. 1673 இல் இரண்டாஞ் சார்ள்ஸ் மன்னன் இலண்டன் கிறைஸ்ற்ஸ் ஹொஸ்பிற்றல் பாடசாலையிற் கப்பற்கணிதப் பிரிவொன்றை ஏற்படுத்தினான். அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துச் சேலம் நகரிற் பிறந்த நதானியேல் பௌடிச் 1802 இல் வெளியிட்ட கப்பற்கணித நூல், ஆசிரியரின்றித் தானே கற்க விரும்பும் மாலுமிக்கென்றே எழுதப்பட்டது. அந்நூல் திருத்தப்பெற்று இன்றும் அமெரிக்க அரசினால் வெளியிடப்படுகின்றது. பௌடிச் சென்ற கப்பலிற் சமையற்காரனுங்கூடச் சந்திரனின் நிலைகொண்டு நெடுங்கோட்டைக் கணிக்கக் கற்றிருந்தான் என அவர் வரலாற்றைக் கூறுவோர் சொல்வர். ஆசிரியனும் மாணாக்கனும் ஒரே கப்பலில் மாதக்கணக்காக உடனுறைந்தமை அதற்கொரு காரணம் என்பதை அவர்கள் அழுத்திச் சொல்வதில்லை.

பரீட்சையைக் கொண்டுவந்தது அறிஞரின் அறிவுரையன்று, கப்பற்சேதங்களே. 1836 இல் பிரித்தானியப் பாராளுமன்றத் தெரிகுழு கப்பல்கள் அழிவதற்கான காரணங்களை ஆராய்ந்து, கப்டன்மாரினதும் அதிகாரிகளினதும் தகுதியின்மையும் மதுப்பழக்கமும் அவற்றுட் சில எனக் கண்டது. 1843 இல் வெளிநாட்டுத் துறைமுகங்களிலிருந்த பிரித்தானியத் தூதர்களிடமும் இது குறித்து வினாவப்பட்டது. அவர்கள் அனுப்பிய விடைகள் ஆங்கிலக் கப்டன்மாருக்குப் பெருமை தருவனவாக இல்லை. 1845 இல் விரும்பினோர் தோற்றும் பரீட்சையொன்று தொடங்கப்பட்டது. 1850 ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் கட்டாயமாக்கிற்று. முன்னரே பதவியிலிருந்தோர்க்குப் பரீட்சையின்றிச் சேவைப் பத்திரம் வழங்கினர். புதியோர்க்குத் தகுதிப் பத்திரம் இன்றியமையாததாயிற்று.

இச்சட்டத்தின் வழிவந்த விதிகளை, அதே தசாப்தத்திற் பிறந்த மற்றொரு கல்வி முறையோடு ஒப்பிடலாம். 1858 இல் இலண்டன் பல்கலைக்கழகம் தன் பட்டப் பரீட்சைகளை வெளியாருக்குந் திறந்துவிட்டது. எங்கே படித்தாய், யாரிடம் படித்தாய் என அது வினவவில்லை. பரீட்சையில் தேறினாயா என்று மட்டுமே வினவிற்று. நம் நாட்டில் 1921 இல் தொடங்கிய கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி மாணவர் 1942 வரை இலண்டன் வெளிவாரிப் பட்டத்துக்கே தோற்றினர். இக்கட்டுரை எழுதுபவனும் பகலிற் படிப்பித்து இரவிற் படித்து வெளிவாரியாகப் பட்டம் பெற்றவனே. ஆதலின் அம்முறையை இகழ எனக்கு மனம் வாராது. கப்பற் பரீட்சையும் அவ்வாறே, எங்கே படித்தாய் என்று வினவவில்லை. ஆனால் வேறொன்றை வினவிற்று. இரண்டாம் உதவியதிகாரிப் பரீட்சைக்கு வருபவன் 17 வயது நிரம்பியவனாயும் நான்காண்டுகள் கடலில் உழைத்தவனாயும் இருத்தல் வேண்டும். கணித வினாத்தாளுக்கு விடை எழுதினாற் போதாது. மூத்த கப்டன் ஒருவர் முன்னிலையில் அமர்ந்து வாய்மொழி வினாக்களுக்கும் மறுமொழி கூறல் வேண்டும். வரலாற்றையோ இலக்கியத்தையோ வெளிவாரியாகப் படித்த எம்மை எவரும் அங்ஙனம் வினவியதில்லை. வினவ வேண்டிய தேவையும் இருந்ததில்லை. நாம் விடும் பிழையால் ஒரு கப்பல் கவிழ்வதில்லையன்றோ!

பரீட்சை வந்தபின் பரீட்சைக்கெனவே பயிற்றும் தனியார் பள்ளிகள் துறைமுக நகரங்களிற் பெருகின. இலண்டன் மினறீஸ் வீதியில் ஜேனற் ரெயிலர் அம்மையார் 1835 அளவில் தொடங்கி நடத்திய கப்பற்கல்விக் கழகம் இவ்வகையில் முன்னோடியும் மதிப்புமிக்கதுமாகும். அவர் கணித நூல்கள் எழுதியதுடன் கருவிகளும் கடற்படங்களும் விற்றார். ஆனால் அவரைப் போன்றோர் சிலரே. பழைய வினாக்களைத் திரட்டி, விடைகளை மனப்பாடஞ் செய்வித்து, ஒரு சில வாரங்களில் மாணவனைத் தேறச் செய்யும் பள்ளிகளே பல. அப்பள்ளிகளின் இயல்பை அறிய நாம் 19 ஆம் நூற்றாண்டுக்குச் செல்ல வேண்டியதில்லை. எம் ஊர்த் தெருக்களிலேயே காணலாம்.

பயிற்சிக் கப்பல்கள் பற்றி விரிக்கின் இக்கட்டுரை நீளும். லிவர்ப்பூலில் 1859 இல் கொன்வே, தேம்ஸ் ஆற்றில் 1862 இல் வூஸ்ரர், பம்பாயில் 1927 இல் இந்திய இளைஞர்க்கென டவ்ரின் என இவை தோன்றின. டவ்ரினுக்குப் பின் 1972 இல் இராஜேந்திரா வந்தது. நங்கூரமிட்டு நிற்குங் கப்பலிற் பிள்ளைகளை உறையச் செய்து கற்பித்தமை, கடலுக்குங் கரைக்கும் இடைப்பட்ட ஒரு வழியாகும்.

தொலைக்கல்வியின் உண்மையான முன்னோடியை நாம் வேறோரிடத்திற் காண்கின்றோம். அல்பேட் மான்ஸ்பிறிட்ஜ் என்பார் தச்சுத் தொழிலாளி ஒருவரின் மகன். 1903 இல் இங்கிலாந்தில் தொழிலாளர் கல்விச் சங்கத்தை நிறுவி, பல்கலைக்கழகக் கல்வியை ஆலைத் தொழிலாளரிடங் கொண்டு சென்றவர். ஆலைத் தொழிலாளி மாலையில் வகுப்புக்கு வரலாம். மாலுமி எவ்வாறு வருவான்? முதலாம் உலகப்போர் முடிந்தபின் 1919 இல் அவர் கடலோடிகள் கல்விச் சேவையைத் தொடங்கினார். முதற்பணி கப்பல்களில் நூலகம் அமைத்தல். அஃதாவது நூற்பெட்டிகள் கப்பலுக்குச் செல்லும். படித்து முடிந்தபின் வேறு நூல்கள் மாற்றி வைக்கப்படும். 1938 இல் அச்சேவையின் கிளையாகக் கடற்கல்லூரி என்னும் நிறுவனம் தோன்றிற்று. கட்டடமில்லை, வகுப்பறையில்லை. கடலிலே மாணவன், கரையிலே ஆசிரியன், இடையிலே தபாற்பை.

இம்முறையின் இடர்ப்பாடுகளை நினைத்துப் பார்த்தல் நன்று. மாணவன் இந்துசமுத்திரத்தில் எழுதிய விடைத்தாளை அடுத்த துறைமுகத்தில் தபாலில் இடுவான். அது இலண்டன் சேர்ந்து திருத்தப்பட்டு மீளும்போது அவன் கப்பல் வேறொரு துறைமுகத்துக்குச் சென்றுவிடும். திருத்திய தாள் கப்பலைத் துரத்திச் செல்லும். ஒரு பிழையைச் செய்வதற்கும் அது பிழையென்று அறிவதற்கும் இடையே மாதங்கள் கழியலாம். எனினும் மாணவர் இருந்தனர். இருபெரும் போர்களுக்கு இடையிலும் பின்னும் மொழியும் கணிதமும் வரலாறும் கப்பலறைகளிற் கற்கப்பட்டன. 1976 இல் இச்சேவை, யோனாஸ் ஹான்வே 1756 இல் நிறுவிய பழம்பெருங் கடலோடிகள் சங்கத்துடன் இணைந்து இன்றளவும் பணிபுரிகின்றது. மான்ஸ்பிறிட்ஜின் நோக்கம் மாலுமியைச் சிறந்த மாலுமியாக்குவதினும், அவனைக் கற்ற மனிதனாக்குவதே. கயிறு முடிவதையும் காற்றறிந்து பாய் மாற்றுவதையும் தபாலிற் கற்பிக்க அவர் முயலவில்லை. தொலைக்கல்வியின் எல்லையை இத்துணைத் தெளிவாக உணர்ந்தவர் அவருக்குப் பின் மிகச் சிலரே.

அவ்வெல்லை மங்கத் தொடங்கியது கப்பலிலே புதுக் கருவிகள் புகுந்த பின்னராகும். 1956 யூலை 25 ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் நான்ரக்கற் தீவுக்கு அப்பால், மூடுபனியில், இத்தாலியப் பயணிகள் கப்பலான அந்திரேயா டோரியாவும் சுவீடனின் ஸ்ரொக்ஹோம் கப்பலும் மோதின. 51 உயிர்கள் மாண்டன. இரு கப்பல்களிலும் ராடர் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று ராடரிற் கண்டுமிருந்தன. கண்டதன் பொருளை இருதிறத்தாரும் வெவ்வேறாக விளங்கிக்கொண்டனர். கருவியைப் பொருத்துதல் வேறு, கருவி காட்டுவதை வாசித்தல் வேறு என்பதை உலகம் அன்று உணர்ந்தது. உண்மைக் கப்பலில் மோதலைப் பழக இயலாது. ஆதலின் கரையிலேயே ராடர்த் திரையைப் போன்ற திரையை அமைத்து, பொய்யான கப்பல்களை அதில் ஓடவிட்டுப் பழக்கும் சிமியுலேற்றர் என்னும் பாவனைக் கருவிகள் வளர்ச்சியுற்றன.

இவ்வகையில் ஒரு விந்தையைக் கூறாமற் செல்ல மனமில்லை. பிரான்சு நாட்டின் கிறனோபிள் நகருக்கு அண்மையில், ஆல்ப்ஸ் மலைச்சாரலில், கடலுக்கு வெகுதொலைவில் போட் றெவல் என்னும் ஏரியுண்டு. 1960களில் இருந்து பெருங்கப்பல்களின் கப்டன்மாரும் துறைமுக மீகாமரும் அங்கு சென்று, உண்மைக் கப்பலின் 25 இல் ஒரு பங்கு அளவினதாகச் செய்யப்பட்ட சிறு கப்பல்களிலே தாமே அமர்ந்து செலுத்திப் பழகி வருகின்றனர். 250 மீற்றர் நீளமான எண்ணெய்க் கப்பல் அங்கு 10 மீற்றராகிவிடும். 25 இன் வர்க்கமூலம் 5 ஆதலின், கடலில் 5 நிமிடத்தில் நிகழ்வது அவ்வேரியில் ஒரு நிமிடத்தில் நிகழும். இதனாற் கப்டன் விரைந்து முடிவெடுக்கப் பழகுகின்றார். பௌதிகம் படிப்பிக்கும் ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எடுத்துக்காட்டுவாராயின் மாணவர் மகிழ்வர்.

கப்பற்கல்வி அதுகாறும் நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்தது. 1967 மார்ச்சில் ரொறி கன்யன் என்னும் எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் கோண்வோல் கரைக்கப்பாற் பாறையில் மோதி, சுமந்து சென்ற ஏறத்தாழ 120,000 தொன் மசகெண்ணெய் கடலிற் கலந்தமை உலகை உலுக்கிற்று. பயிற்சிக்குப் பொதுத்தரம் வேண்டுமென்னும் எண்ணம் வலுத்தது. 1978 யூலை 7 ஆம் நாள் இலண்டனில், கடலோடிகளின் பயிற்சி, தராதரப் பத்திரம், காவற்கடமை ஆகியவற்றின் தரங்கள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை நிறைவேறிற்று. 1984 இல் நடைமுறைக்கு வந்தது. 1995 ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னும் முக்கியமானது. அதுவரை எவ்வளவு காலம் படித்தான் என்று கேட்டனர். அதன்பின் எதனைச் செய்யவல்லன் எனக் கேட்கத் தொடங்கினர். ராடர் முதலியவற்றுக்குப் பாவனைக் கருவிப் பயிற்சி கட்டாயமாயிற்று.

பாடங்களைச் சுமக்கும் ஊர்தியும் இதற்கிடையில் மாறிக்கொண்டே வந்தது. 1970களில் இலண்டனில் தோன்றிய நிறுவனங்கள் பயிற்சிப் படங்களை ஒளிநாடாவிற் பதித்துக் கப்பல்களுக்கு அனுப்பின. நாடா இறுவட்டாயிற்று, இறுவட்டு கப்பலின் கணினியிற் குடியேறிற்று, பின்னர்ச் செய்மதி வாயிலாக இணையம் கப்பலை எட்டிற்று. மான்ஸ்பிறிட்ஜின் தபாற்பை கப்பலைத் துரத்திய காலம் போய், மாணவன் விடையளித்த கணமே சரியோ பிழையோ என்பது திரையில் தோன்றுங் காலம் வந்தது. 2010 யூன் 25 ஆம் நாள் மணிலாவில் நிறைவேறிய திருத்தங்கள் தொலைக்கல்வியையும் இணையவழிக் கல்வியையும் முதன்முதலாகப் பெயர்சொல்லி ஏற்று, அவற்றுக்கு வழிகாட்டல்களும் வகுத்தன. பாடத்தின் நோக்கம் தெளிவாயிருத்தல் வேண்டும். கற்பவனுக்கு ஐயம் எழுங்கால் வினவ ஆளிருத்தல் வேண்டும். விடையளிப்பவன் அவனே என்பது உறுதிப்படல் வேண்டும் என்பன அவற்றின் சாரம். செவிலின் தலைமை மீகாமர் கேட்டிருக்கக்கூடிய வினாக்களே இவை.

இணையவழிக் கல்விக்கு நற்சோதனையாக அமைந்தது 2020 ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க் காலம். பயிற்சிக் கல்லூரிகள் மூடப்பட்டன, துறைமுகங்கள் அடைபட்டன. அவ்வாண்டின் இறுதியில் ஏறத்தாழ 400,000 கடலோடிகள் ஒப்பந்தக் காலம் முடிந்தும் வீடு திரும்ப இயலாது கப்பல்களிலேயே தங்கியிருந்தனர் என்பது சர்வதேசக் கடல்சார் அமைப்பின் மதிப்பீடு. இந்தியா உட்படப் பல நாடுகளின் கப்பற்றுறை அதிகாரிகள் அறிமுறைப் பாடங்களை இணையவழியில் நடத்த இசைவளித்தனர். அதனாற் பல்லாயிரவர் தம் தகுதிப் பத்திரப் படிப்பைத் தொடர முடிந்தது. இது சிறு நன்மையன்று. மோதல் தவிர்ப்பு விதிகள், சரக்கேற்றுங் கணக்கு, கப்பலின் நிலைப்பு, வானிலை, கடற்சட்டம் ஆகியவை திரையில் நன்கு கற்பிக்கத்தக்கவையே. வகுப்பறையில் ஒருமுறை கேட்டு மறப்பதைத் திரையிற் பத்துமுறை பார்க்கலாம். சரக்கு இடம்பெயர்ந்து கப்பல் சாய்வதைக் கரும்பலகையில் வரைந்து காட்ட முயன்ற ஆசிரியன், அசையும் படத்தின் அருமையை நன்கறிவான். ஊரைவிட்டு நகருக்குச் சென்று வாடகையறையில் தங்கிப் படிக்கப் பொருளில்லாதவனுக்கும் இஃது ஒரு வாயில் திறந்தது.

ஆனால் அவ்வாயில் எங்கே கொண்டுபோய் விடுகின்றது? 2013 செப்ரெம்பர் 18 ஆம் நாள் அதிகாலை, ஒவிற் என்னும் கப்பல் தாவர எண்ணெய் சுமந்து, நெதர்லாந்தின் றொற்றர்டாமிலிருந்து இத்தாலியின் பிறிண்டிசி நோக்கிச் செல்லும் வழியில், டோவர் நீரிணையிலுள்ள வேர்ண் மணற்றிட்டில் தட்டிற்று. அது ஊரறிந்த திட்டு. மிதவைகள் அதனைக் குறித்து நிற்கின்றன. கப்பல் செலுத்தப்பட்டது காகிதப் படங்கொண்டன்று, இலத்திரனியற் கடற்படங் கொண்டு. பிரித்தானியக் கடல்விபத்து ஆராய்ச்சிப் பிரிவு கண்டவை வருமாறு: பயணப்பாதை அத்திட்டின் மீதே வரையப்பட்டிருந்தது, வரைந்தவர் அனுபவங் குறைந்தவர், கப்டன் அதனைச் சரிபார்க்கவில்லை, எச்சரிக்கை ஒலி இயங்கவில்லை, ஆழத்துக்கான எல்லைகள் பொருந்தாவண்ணம் அமைக்கப்பட்டிருந்தன. இவையனைத்தினும் சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. அக்கருவியிற் கப்டனும் அதிகாரிகளும் முன்னரே பயிற்சி பெற்றிருந்தனர். பத்திரம் இருந்தது, கருவியைப் பயன்படுத்தும் ஆற்றல் இருக்கவில்லை. கப்பல் மூன்று மணிநேரத்துக்குள் மிதந்துவிட்டது. எவருக்குங் காயமில்லை, கடலும் மாசுபடவில்லை. 1956 இல் நிகழ்ந்ததுபோல 51 உயிர்கள் மாளாமை நற்பேறு என்றே கூறல் வேண்டும்.

இணையவழிக் கல்வியே இதற்குக் காரணமென்று நாம் கூறவில்லை, கூறுதல் நேர்மையுமாகாது. வகுப்பறையிற் பெற்ற பத்திரமும் இவ்வாறே வெறும் பத்திரமாய் நின்றுவிடக் கூடும். மினறீஸ் வீதிக்கருகே வினாவிடை மனனஞ் செய்த மாணவனும் தேறியவனே. ஆனால் பாடத்தைக் கொண்டுசெல்லும் வழி எளிதாக எளிதாக, பத்திரங்களின் தொகை பெருகும். பத்திரம் பெற்றவனின் அருகே நின்று அவன் கையைப் பார்க்கும் மூத்தோரின் தொகை அதற்கேற்பப் பெருகுவதில்லை. இடர் இங்கேதான் இருக்கின்றது.

அவ்வாறு அருகே நிற்பதனை உடன்படிக்கை இன்றும் கைவிடவில்லை. கட்டளை மேடையிற் காவற்கடமை ஏற்கும் அதிகாரியாக விரும்புபவன், அங்கீகாரம் பெற்ற பயிற்சித் திட்டத்திற் சேர்ந்தவனாயின் 12 மாதங்களும், அல்லனாயின் 36 மாதங்களும் கடற்சேவை புரிந்திருத்தல் வேண்டும். அதனுள் 6 மாதங்களேனும் அதிகாரியொருவரின் மேற்பார்வையிற் கட்டளை மேடையில் நின்றிருத்தல் வேண்டும். 1850களின் நான்காண்டு, ஓராண்டாகக் குறைந்தது உண்மையே. ஆயின் அவ்வோராண்டை எந்த இணையத் தளமும் வழங்க இயலாது.

எம் குடாநாட்டு நிலைமைக்கு இதனைப் பொருத்திப் பார்ப்போம். வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவர் வாங்கியபின், வல்வை மாலுமிகளோடு கடல்கள் பல கடந்து 1938 இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அம்மாலுமிகள் எந்தப் பாடசாலையிலும் கப்பற்கணிதப் பத்திரம் பெற்றவரல்லர். தண்டையல்மாரின் கீழ்க் கயிறு பிடித்துக் கற்றவர். பத்திரமில்லாத கல்வி அது. இன்று அதுபோதும் என எவருங் கூறார். 1990 இல் தொடங்கிய கொழும்புச் சினெக் நிறுவனம் போன்றவை நம் நாட்டில் உடன்படிக்கைத் தரத்துக்குப் பயிற்சி வழங்கி வருகின்றன. அறிமுறைப் பாடங்கள் சில வீட்டிலிருந்தே கற்கத்தக்கனவாயும் உள்ளன. ஆனால் கற்றபின் கப்பலிற் பயிலுநராக ஓரிடம் பெறுவதே பெருந்தடை. இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. உலகெங்கும் பயிலுநரைச் சுமக்க மனமுள்ள கப்பற் கம்பெனிகள் குறைவு. கப்பற்றொழில் அமைப்புகளின் 2021 ஆம் ஆண்டு அறிக்கை, உலக வாணிகக் கப்பல்களில் ஏறத்தாழ 18 இலட்சத்து 90 ஆயிரம் கடலோடிகள் பணிபுரிவதாகவும், அதிகாரிகள் 26,240 பேர் குறைவாயிருப்பதாகவும் கூறிற்று. அதிகாரிகளுக்குப் பஞ்சம், அதிகாரியாகப் பயில விரும்புவோர்க்கு இடமில்லை! ஆதலின் எம்மிடம் அறிவுரை நாடிவரும் மாணவனிடம், எந்தத் தளத்தில் எந்தப் பாடநெறி மலிவு என்பதை முதலிற் பேசுதல் தகாது. கடற்சேவைக்கு உன்னை ஏற்கும் கப்பல் எது, அதனை எழுத்தில் உறுதியளிப்பவர் யார் என்பதையே முதலில் வினவுதல் வேண்டும். இவ்வினாவுக்கு விடையின்றி ஐந்தாறு பத்திரங்களோடு வீட்டிலிருக்கும் இளைஞர் எம்மூரிலும் உளர். பத்திரத்துக்குக் கொடுத்த பணத்துக்காகக் காணியை ஈடுவைத்த பெற்றோரும் உளர்.

இனி, செவிலிற் கண்ட காலத்தின் பிரச்சினைக்கு வருவோம். 2022 இற் செய்யப்பட்டு 2024 திசெம்பர் 23 முதல் நடைமுறைக்கு வந்த கடற்றொழிலாளர் உடன்படிக்கைத் திருத்தத்தின்படி, இயன்றவரை கப்பலில் இணைய வசதி அளித்தல் கப்பலுரிமையாளரின் கடமையாயிற்று. வீட்டாரோடு பேசுதற்கென அளிக்கப்பட்ட வசதி அது. அதே கம்பியில்லா வழியே பாடங்களும் வருகின்றன. அவ்வுடன்படிக்கையே 24 மணிநேரத்தில் 10 மணிநேர ஓய்வும், ஏழு நாளில் 77 மணிநேர ஓய்வும் கட்டாயமெனக் கூறுகின்றது. கம்பெனி விதிக்கும் இணையப் பாடத்தை மாலுமி எப்போது படிப்பான்? காவற்கடமையின்போது படித்தல் ஆகாது. எஞ்சியிருப்பது ஓய்வுநேரமே. செவில் மீகாமனுக்குக் கரையிற் படிக்க ஊதியமில்லாதிருந்தது. இன்றைய மாலுமிக்குக் கடலிற் படிக்க உறக்கத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கின்றது. கம்பெனி இதனைப் பயிற்சி என்று பதிகின்றது. ஓய்வுப் பதிவேட்டிலோ அதே மணிநேரம் ஓய்வென நிற்கின்றது. இவ்விரு பதிவுகளையும் ஒருங்கே வைத்து நோக்கும் வழக்கம் இன்னும் போதிய அளவு வேரூன்றவில்லை என்றே எண்ணத் தோன்றுகின்றது.

பயிலுநர் ஒவ்வொருவரும் பயிற்சிப் பதிவுப் புத்தகம் ஒன்றைக் கப்பலில் வைத்திருப்பர். நங்கூரம் இறக்குதல், சுக்கான் பிடித்தல், உயிர்காப்புப் படகை நீரில் இறக்குதல், இரவிற் பிறகப்பலின் விளக்குகளைக் கண்டு அதன் போக்கை அறிதல் என வேலைகள் அதில் நிரல்பட எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதனைக் கண்முன் செய்து காட்டினான் என மேலதிகாரி கையொப்பமிடல் வேண்டும். இப்புத்தகமும் இன்று பல கம்பெனிகளிற் கணினித் திரைக்கு மாறிவிட்டது. கையொப்பமிட வேண்டியவர் மாறவில்லை. அவர் தம் காவல் முடிந்து, சரக்குக் கணக்கும் துறைமுகப் பத்திரங்களும் எழுதி முடித்து, தமக்கு விதிக்கப்பட்ட இணையப் பாடத்தையும் முடித்தபின், பயிலுநனை மேற்றளத்துக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும்.